துடைக்கத் துடைக்கச் சிவந்த தோல்

'பிள்ளை நோவுக்குக் கள்ளமில்லை' என்பது நம் முன்னோர் மொழி. பெரியவர்கள் நோயை மறைப்பதுண்டு. மிகைப்படுத்திக் கூறுவதும் உண்டு. பச்சிளங் குழந்தைக்கு இவ்விரண்டும் தெரியா. நோகும்போது அழுகின்றது, நோவு தீர்ந்தால் சிரிக்கின்றது. ஆயினும் எங்கே நோகின்றது, எதனால் நோகின்றது என்று எடுத்துச் சொல்ல அதற்கு வாயில்லை. அதனைக் கண்டறியும் பொறுப்பு பெற்றோர்க்கும் வீட்டிலுள்ள மூத்தோர்க்கும் உரியது. அப்பொறுப்பில் நாங்கள் ஒருமுறை தவறினோம். தவறிய வரலாற்றையும், அதன் வாயிலாகக் கற்றுக்கொண்டவற்றையும் நம் சங்கக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருள் சிறியதுதான். குழந்தைக்கு அணையாடை கட்டும் இடத்தில் தோன்றும் சிவப்பும் புண்ணுமே அது. ஆனால் இரவெல்லாம் உறங்காமல் குழந்தையைத் தோளில் சுமந்து நடந்த எவரும் அதனைச் சிறிய பொருள் என்று ஒதுக்கமாட்டார்கள். அதிலும், ஊரும் உறவும் ஆயிரம் கல் தொலைவில் இருக்க, வேற்று மொழி வழங்கும் நகரில் முதற் குழந்தையை வளர்க்கும் இளந்தாய்க்கு அது பெருங்கவலை.

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது

மும்பையில், செம்பூரில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றோம். எங்கள் மருமகள் தென்காசிப் பக்கத்தைச் சேர்ந்தவள். தலைப்பேறு தாய்வீட்டில் நிகழ்ந்தது. ஐந்தாம் மாதத்தில் பேத்தியோடு இங்கு வந்து சேர்ந்தாள். ஊரில் இருந்தவரையில் பழைய வேட்டித் துணியே குழந்தைக்கு அணையாடை. துவைத்துக் கொடியில் போட்டால் வெயிலில் சற்று நேரத்தில் மொறுமொறுவென்று உலர்ந்துவிடும். இங்கோ இரண்டே அறைகள் கொண்ட வீடு. ஜூன் மாதத்தில் மழை தொடங்கினால் செப்டம்பர் வரையில் துணி உலர்வது அருமை. ஆகவே கடையில் விற்கும் டயப்பரும், துடைப்பதற்கு 'வைப்ஸ்' எனப்படும் ஈரத்தாளும் எங்கள் வீட்டிற்குள் புகுந்தன. மழை நின்றது, அப்பழக்கம் நிற்கவில்லை.

தீபாவளி கழிந்த சில நாட்களில் குழந்தையின் பிட்டத்தில் சிவப்புக் கண்டது. இரண்டு நாட்களில் சிறு சிறு தடிப்புகள் எழுந்து, தோல் உரிந்து, நீர் கசியத் தொடங்கியது. டயப்பரை அவிழ்க்கும்போதே குழந்தை வீரிட்டது. பின்னர் வாயைச் சுற்றியும் சிவந்தது. பல் முளைக்கும் பருவம், எச்சில் வடிவதனால் வந்தது என்று எண்ணி அதனைப் பொருட்படுத்தவில்லை. மருமகளின் விரல்களும் வறண்டு வெடித்து அரித்தன. பாத்திரம் துலக்கும் சோப்பினால் என்று அவள் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

குழந்தையின் புண்ணுக்கு நாங்கள் கூறிய காரணம் ஒன்றே: சுத்தம் போதவில்லை. இதனைக் கடுஞ்சொல்லாகக் கூறவில்லை; ஆயினும் காலையிலும் கூறினோம், மாலையிலும் கூறினோம். அவள் மறுமொழி பேசவில்லை. ஒருமுறை துடைத்த இடத்தை இருமுறை துடைத்தாள். இருமுறை துடைத்த இடத்தை மும்முறை துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் தோல் சிவந்தது.

இதற்கிடையில் அறிவுரைகள் பெருகின. எதிர்வீட்டு வங்காள அம்மையார் அன்போடு கடுகெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். தென்காசியிலிருந்து சம்பந்தியம்மாள் தொலைபேசியில் மஞ்சள் குழைத்துப் பூசச் சொன்னார். மருந்துக் கடைக்காரர் ஒரு குழாய்க் களிம்பை எடுத்து நீட்டினார். அதனைப் பூசிய மூன்றாம் நாள் சிவப்பு மறைந்தது. நிறுத்திய மூன்றாம் நாள் முன்னிலும் கடுமையாகத் திரும்பி வந்தது. இரண்டு வாரங்களுக்குள் அந்தச் சின்னஞ்சிறு மேனியில் நான்கு பொருள்களைப் பூசிவிட்டோம்.

இறுதியில் குழந்தை மருத்துவரிடம் சென்றோம். வயது முதிர்ந்த அந்த அம்மையார் புண்ணைக் கண்டதும் மருந்து எழுத முற்படவில்லை. முதலில் தொடையிடுக்கின் மடிப்பை விரித்துப் பார்த்தார். அங்கே தோல் தெளிவாக இருந்தது. பிறகு குழந்தையின் வாயைப் பார்த்தார். வயிற்றுப்போக்கு உண்டா, முடி உதிர்கின்றதா, எடை ஏறுகின்றதா என்று வினவினார். பின்னர், மருமகளின் கையைத் தம் கையில் வாங்கி விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "இந்த மூன்று இடங்களிலும் படுகின்ற பொருள் எது?" என்று கேட்டார்.

நாங்கள் விழித்தோம். மருமகள் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஈரத்தாள் பொதியை எடுத்து மேசைமீது வைத்தாள். குழந்தையின் பிட்டத்தைத் துடைத்ததும் அதுவே. கேழ்வரகுக் கஞ்சி ஊட்டியபின் வாயைத் துடைத்ததும் அதுவே. நாளெல்லாம் அவள் விரல்களில் பட்டதும் அதுவே.

அன்றே அதனை நிறுத்தினோம். வெதுவெதுப்பான நீர், மெல்லிய பருத்தித் துணி, மணம் சேராத வெள்ளை வாசலின். இவை தவிர வேறெதுவும் வேண்டா என்றார் மருத்துவர். வீரியம் குறைந்த களிம்பு ஒன்றை ஐந்தே நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார். பத்து நாட்களில் குழந்தையின் தோல் தெளிந்தது. மருமகளின் விரல்கள் ஆறுவதற்கு ஒரு மாதமாயிற்று.

மருத்துவமனையிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "நான் சுத்தமாகத்தான் வைத்திருந்தேன், அத்தை." அதற்கு எங்களிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடியே பின்னர் இப்பொருளைப் பற்றிப் படித்தோம்; கேட்டோம்; தெரிந்துகொண்டோம்.

சிவப்பெல்லாம் ஒன்றல்ல

அணையாடை படும் இடத்தில் தோன்றும் சிவப்பு பல வகைப்படும். அவற்றுள் மூன்றினை ஒவ்வொரு தாயும் தெரிந்திருத்தல் நலம்.

முதலாவது, ஈரத்தாலும் உராய்வாலும் வருவது. வீடுகளில் காணும் சிவப்பில் மிகப் பெரும்பாலானது இதுவே. சிறுநீரும் மலமும் கலந்து தோலில் தங்கும்போது, மலத்திலுள்ள நுண்ணுயிர்கள் சிறுநீரின் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகின்றன. இயல்பாகச் சற்றே புளிப்புத் தன்மை உடைய தோல், இதனால் காரத் தன்மை அடைகின்றது. அந்நிலையில் மலத்திலுள்ள செரிமானப் பொருள்கள் வீறுகொண்டு தோலையே அரிக்கத் தலைப்படுகின்றன. டயப்பர் நேராகப் படும் மேடான பகுதிகளாகிய பிட்டம், அடிவயிறு, தொடையின் உட்புறம் ஆகியவை சிவக்கும். மடிப்புகளின் உட்பகுதி பெரும்பாலும் தப்பிவிடும். வயிற்றுப்போக்கு உண்டானால் ஒரே நாளில் வெந்தாற்போல் ஆகிவிடுவதும் இவ்வகையே. அடிக்கடி மாற்றுவதாலும் காற்றாட விடுவதாலும் இது இரண்டு மூன்று நாட்களில் தணியத் தொடங்கும்.

இரண்டாவது, காண்டிடா என்னும் பூஞ்சைக் காளானால் வருவது. இது மடிப்புகளின் ஆழத்தில் குடியேறும். அடர்ந்த செந்நிறமும் தெளிந்த எல்லையும் உடையது. எல்லைக்கு அப்பால் சிறு சிறு புள்ளிகளும் கொப்புளங்களும் சிதறிக் கிடக்கும். சளி, காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுத்த பின்னர் இது தோன்றுவதுண்டு. இதற்குக் காளானைக் கொல்லும் மருந்து வேண்டும். எண்ணெயும் வாசலினும் மட்டும் போதா.

மூன்றாவது, ஒவ்வாமையால் வருவது. மற்ற இரண்டினும் இது அரியது. அரிதாக இருப்பதனாலேயே இதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. முதல் வகையைப் போன்றே இதிலும் மடிப்புகள் தப்பியிருக்கக்கூடும். ஆகவே பார்த்த மாத்திரத்தில் இரண்டும் ஒன்றெனத் தோன்றும். பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. அரிப்பு மிகுதி, சற்று வளர்ந்த குழந்தையாயின் டயப்பரை அவிழ்த்ததும் கை அங்கே செல்லும். சிவப்போடு சிறு தடிப்புகளும் நீர்க்கொப்புளங்களும் செதிலும் காணும். நன்றாகப் பேணிய பின்னும் நாட்கணக்கில் ஆறாது. சில வேளை அணையாடையின் எல்லையைத் தாண்டி வேறிடங்களிலும் தோன்றும். எல்லாவற்றினும் முதன்மையான அடையாளம் புண்ணின் வடிவம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நம் குழந்தைகள் பலர் மாநிறத்தினர், கருநிறத்தினரும் உண்டு. அத்தகைய தோலில் அழற்சி எப்பொழுதும் செக்கச்செவேலென்று தெரிவதில்லை. கருமையோ ஊதாவோ கலந்த பழுப்பாகத் தோன்றலாம். ஆகலின் நிறத்தை மட்டும் நம்பாது, விரலால் தொட்டுச் சூடும் தடிப்பும் சொரசொரப்பும் உண்டா என்று அறிதல் வேண்டும். புண் ஆறிய பின் வெளிறிய திட்டோ கருந்திட்டோ சில வாரங்கள் நிற்கும். அது நோய் அன்று, நோயின் சுவடே. அதற்காக மீண்டும் மருந்து பூச வேண்டுவதில்லை.

ஒவ்வாமை பிறக்கும் விதம்

"ஐந்து மாதமாக ஒன்றும் செய்யாத பொருள், இன்று எங்ஙனம் பகையாகும்?" என்று நாங்கள் மருத்துவரிடம் கேட்டோம். பலரும் கேட்கும் வினா இது. உண்மையில், ஒவ்வாமைக்கு முன்பழக்கம் வேண்டும்.

சில பொருள்கள் தோலில் ஊடுருவும்போது, உடலைக் காக்கும் வெள்ளணுக்கள் அவற்றை அயலானென அடையாளம் கண்டு நினைவில் வைக்கின்றன. இந்நினைவு உருவாகக் குறைந்தது பத்து, பதினான்கு நாட்கள் ஆகும். சிலருக்குப் பல மாதங்களும் ஆகலாம். அதுவரையில் தோலில் எம்மாற்றமும் தெரியாது. நினைவு உருவான பின்னர் அப்பொருள் மறுபடியும் பட்டால், ஒரு நாள் முதல் மூன்று நாட்களுக்குள் அழற்சி எழும். பட்டவுடனே தோன்றும் காஞ்சொறித் தடிப்பைப் போன்றதன்று இது, காலந்தாழ்ந்து தோன்றுவது. திங்கட்கிழமை பட்ட பொருளின் விளைவு புதன்கிழமை தெரியும். ஆகையால் நாம் புதன்கிழமை நடந்ததைக் குற்றஞ்சாட்டிவிட்டு, திங்கட்கிழமைப் பொருளைத் தொடர்ந்து பயன்படுத்துகின்றோம்.

ஈரத்தால் முன்னரே வெந்திருக்கும் தோல் தன் காவலை இழந்திருக்கும். அதன் வழியே இத்தகைய பொருள்கள் எளிதில் நுழையும். ஆகவே சாதாரணச் சிவப்பை உரிய காலத்தில் ஆற்றுவதே ஒவ்வாமையைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாகும்.

தடமே சான்று

ஒவ்வாமைப் புண், தன்னை உண்டாக்கிய பொருளின் வடிவத்தையே தோலில் வரைந்து காட்டும். இதனை உணர்ந்தால் பாதி வழி கடந்தாயிற்று.

1998ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு மருத்துவர்கள் சில குழந்தைகளின் இடுப்பின் இருபுறத்திலும் பிட்டத்தின் வெளிப்புறத்திலும் மட்டும் புண் தோன்றக் கண்டனர். துப்பாக்கி உறைகளை இடையில் தொங்கவிட்ட குதிரை வீரனைப் போன்ற தோற்றம். ஆதலால் அந்நாட்டுச் சிறுவர்கள் விரும்பிப் படிக்கும் சித்திரக் கதைத் தலைவனாகிய லக்கி லூக்கின் பெயரையே அதற்குச் சூட்டினர். டயப்பர் இறுகப் பற்றும் அவ்விடங்களில், ரப்பரோடு சேர்ந்த வேதிப் பொருள்களே காரணம் என்று தெரிந்தது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள், டயப்பரில் வண்ணம் தீட்டிய பகுதி படும் இடத்தில் மட்டும் சிவந்த குழந்தைகளைப் பற்றி எழுதினர். வண்ணமில்லாத டயப்பருக்கு மாற்றியதும் புண் ஆறியது.

ஈரத்தாளின் கதை இன்னும் தெளிவானது. அது கெடாதிருக்கச் சேர்த்துவந்த மெதில்ஐசோதையசோலினோன் என்னும் பொருளை, அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் கழகம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. அடுத்த ஆண்டில், ஈரத்தாளால் பிட்டத்திலும் வாயைச் சுற்றியும் புண் கண்ட ஆறு சிறுவர்களைப் பற்றி அந்நாட்டு மருத்துவர்கள் எழுதினர். வேறு நோயென்று கருதி அவர்களுக்கு முன்பு மருத்துவம் செய்திருந்தனர். 2017ஆம் ஆண்டு முதல், மேனியில் பூசிக் கழுவாமல் விடும் பொருள்களில் இதனைச் சேர்க்க ஐரோப்பிய நாடுகள் தடை விதித்தன. உற்பத்தியாளர் பலரும் ஈரத்தாளில் இதனைக் கைவிட்டனர். ஆயினும் நறுமணப் பொருள்களும் வேறு பதனப் பொருள்களும் இன்றும் உள்ளன. எங்கள் பேத்திக்குப் பகையானது இவற்றுள் எது என்று பெயர் குறித்துச் சொல்ல இயலாது. அந்தத் தாளை நிறுத்தியதும் ஆறியது. அதுவே எங்களுக்குப் போதிய சான்றாயிற்று.

இவ்வாறு தடத்தைப் படிக்கலாம். இடுப்பின் இருபுறமும், தொடையைச் சுற்றிய விளிம்பிலும் புண் இருந்தால் டயப்பரின் இழுபட்டையையும் ஒட்டும் பட்டையையும் ஐயுறுக. பிட்டமும் வாயும் சேர்ந்து சிவந்தால், அல்லது துடைப்பவரின் விரல்களும் அரித்தால், ஈரத்தாளை ஐயுறுக. களிம்பு பூசிய எல்லை வரையில் சிவந்து, பூசாத இடம் தெளிவாக இருந்தால் களிம்பையே ஐயுறுக. புண்ணுக்கு மருந்தாகப் பூசும் நியோமைசின், கம்பளி ஆட்டின் கொழுப்பாகிய லேனோலின் முதலியவையும் சிலருக்கு ஒவ்வா. துணி படும் இடமெங்கும் சிவந்தால் சலவைப் பொருளை ஐயுறுக.

தணிக்கும் வழி

இவ்வகைப் புண், சேர்ப்பதனால் ஆறுவதன்று, நீக்குவதனால் ஆறுவது. ஆகவே முதற்செயல் நிறுத்துவதே. ஈரத்தாள், பவுடர், மணமுள்ள சோப்பு, எண்ணெய், களிம்பு அனைத்தையும் ஒருங்கே நிறுத்துக. டயப்பரின் மேல் ஐயமிருந்தால், மணமும் வண்ணமும் இல்லாத வேறொன்றுக்கு மாறுக. அல்லது சில நாட்களுக்குப் பருத்தித் துணிக்குத் திரும்புக.

மலம் கழித்ததும் காலந்தாழ்த்தாது, வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கழுவுதல் வேண்டும். தேய்த்தல் கூடாது. மெல்லிய துணியால் ஒற்றி ஈரம் போக்குதல் வேண்டும். பகலில் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறையாவது டயப்பரை மாற்றுக. நாளைக்குப் பலமுறை, பத்து நிமிடமோ கால் மணி நேரமோ, பழைய பருத்திச் சேலையை மடித்து விரித்து, குழந்தையை ஒன்றும் கட்டாமல் காற்றாட விடுக. நம் பாட்டிமார் அறிந்த இம்மருந்துக்கு ஈடான மருந்து இல்லை.

தோல் உலர்ந்தபின், மணம் சேராத வெள்ளை வாசலினையோ துத்தநாகக் களிம்பையோ தடிப்பாகப் பூசுக. இது மருந்து என்பதைவிட மதில் எனல் தகும். ஈரம் தோலில் படாமல் தடுக்கும். அடுத்த முறை கழுவும்போது அழுக்குப் பட்ட மேற்பூச்சை மட்டும் நீக்கினால் போதும். அடிவரையில் சுரண்டி எடுத்தால் ஆறும் தோலும் உடன் உரியும்.

துணி கட்டுவோர் சலவையில் கருத்துச் செலுத்துக. தில்லியிலும் ஐதராபாத்திலும் பெங்களூரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் வீடுகள் பல. அந்நீர் பெரும்பாலும் கடின நீர்; சோப்பு எளிதில் அலசிப் போகாமல் துணியிலேயே தங்கும். ஆகவே மும்முறை அலசுதல் நலம். கடைசி அலசலில் கிருமிநாசினியோ துணிக்கு மணமூட்டும் திரவமோ சேர்த்தல் வேண்டா. மழைக்காலத்தில் அரை ஈரத் துணியைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்தி, ஆறவிட்டுக் கட்டலாம்.

ஊருக்குச் செல்லும் நீண்ட ரயில் பயணத்திலே ஈரத்தாள் தேவையென்று பலர் கருதுவர். பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான நீரும், டப்பாவில் பருத்தித் துணித் துண்டுகளும் கொண்டு சென்றால் அத்தேவை எழாது. வழியில் ஏதோ ஒரு நிலையத்தில் கிடைத்த புதுவகை டயப்பரை வாங்கிக் கட்டுவதினும், பழகியதையே கணக்கிட்டு எடுத்துச் செல்லுதல் நன்று.

தோல் முற்றும் தெளிந்தபின், நிறுத்திய பொருள்களுள் தேவையானவற்றை மட்டும், வாரத்திற்கு ஒன்றாகத் திருப்பிக் கொணர்க. எதனைச் சேர்த்தபின் சிவப்பு மீளுகின்றதோ அதுவே பகைவன். அதன் பொதியில் சிறிய எழுத்துகளில் அச்சிட்டுள்ள பட்டியலை எடுத்து வைத்து, மருத்துவரிடம் காட்டுக. ஒருமுறை உருவான ஒவ்வாமையை உடல் பல்லாண்டு மறவாது. பெரியவளான பின்னும் அப்பொருளை அவள் விலக்க வேண்டியிருக்கலாம்.

செய்யலாகாதவை

அன்பினால் தருவன அனைத்தும் நன்மை செய்வதில்லை. கடுகெண்ணெய் வடநாட்டிலும் வங்காளத்திலும் குழந்தைக்குத் தேய்க்கும் எண்ணெயே. ஆயினும் அதிலுள்ள காரம் தோலை உறுத்தக்கூடியது. புண்பட்ட தோலில் அது கூடாது. மஞ்சளும் வசம்பும் நம் வீட்டுப் பொருள்களே. ஆனால் மஞ்சளால் ஒவ்வாமை உறுவோரும் உளர். நீர் கசியும் தோலில் எதனைக் குழைத்துப் பூசினாலும் எரிச்சலும் அழுக்குமே மிஞ்சும். ஆறிய தோலில், பழகிய தேங்காயெண்ணெய் தடவுவதில் பெரும்பாலும் குறையில்லை. புண் இருக்கும்போது அதனையும் ஒத்திவைத்தல் நன்று.

பவுடர் வேண்டவே வேண்டா. ஈரத்தில் உருண்டு திரண்டு தோலை உராயும். காற்றில் பறந்து குழந்தையின் மூச்சுக் குழலுக்குள் புகும். போரிக் அமிலம் கலந்த பவுடர் இன்னும் கொடியது. புண்பட்ட தோலின் வழியே அது உடலினுள் சென்று நஞ்சாகி, முற்காலத்தில் குழந்தைகளின் உயிரையும் குடித்திருக்கின்றது.

மிக முதன்மையான எச்சரிக்கை, கடைக்காரர் கொடுக்கும் கலவைக் களிம்பைப் பற்றியது. காளான் மருந்து, கிருமி மருந்து, வீரியமுள்ள ஸ்டீராய்டு மூன்றும் ஒரே குழாயில் அடங்கியவை நம் நாட்டில் ஏராளம். ஸ்டீராய்டு சிவப்பை மறைக்கும், காரணத்தை நீக்காது. டயப்பரின் அடியில், மூடிய தோலில், அது பன்மடங்கு உள்ளே ஈர்க்கப்படும். தோல் மெலியும். நெடுநாள் பூசிய குழந்தைகளுக்கு உடல் வளர்ச்சியே பாதிக்கப்பட்ட செய்திகளும் உண்டு. 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் எழுதிய வீரியம் குறைந்த களிம்பை, அவர் குறித்த நாட்களுக்கு மட்டும் பூசுவதில் அச்சம் வேண்டா. சீட்டில்லாமல் வாங்கிப் பூசுவதே அஞ்சத்தக்கது.

மருத்துவரை நாட வேண்டிய வேளை

மேற்கூறியவாறு பேணியும் மூன்று நாட்களில் தணியாவிடினும், காய்ச்சல் கண்டாலும், சீழ், நீர்க்கொப்புளம், இரத்தக் கசிவு தோன்றினாலும், சிவப்பு விரைந்து பரவினாலும், பால் குடிக்க மறுத்தாலும் தாமதியாது மருத்துவரை நாடுக. பிறந்து ஓரிரு மாதமே ஆன குழந்தையாயின் மூன்று நாள் காத்திருக்கவும் வேண்டா.

மற்றொன்றும் நினைவில் நிற்கட்டும். வாயைச் சுற்றியும் இடுப்பிலும் கைகால்களிலும் புண் தோன்றி, அதனோடு வயிற்றுப்போக்கும் முடி உதிர்தலும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால், அது உடலில் துத்தநாகச் சத்துக் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். எங்கள் மருத்துவர் அன்று கேட்ட கேள்விகளின் பொருள் இதுவே. அதற்கு மருத்துவம் உண்டு. ஆனால் வீட்டில் இருந்தபடியே அதனை முடிவு செய்தல் இயலாது.

புண் மீண்டும் மீண்டும் வருமாயின் தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்வதைப் பற்றி முடிவு செய்வார். ஐயத்துக்குரிய பொருள்களைச் சிற்றளவில் முதுகில் ஒட்டிவைத்து, இரண்டு நாட்கள் கழித்து எடுத்து, மேலும் சில நாட்கள் பார்ப்பதே அச்சோதனை. கைக்குழந்தைக்கு எல்லா வேளையிலும் அது வேண்டியதில்லை.

இறுதியாக

எங்கள் வீட்டு அடுக்களையில் மாத நாட்காட்டி ஒன்று தொங்குகின்றது. குழந்தைக்குப் புதிதாக எந்தப் பொருளை வாங்கினாலும், தொடங்கிய நாளில் அதன் பெயரை அதில் எழுதிவிடுவது இப்பொழுது எங்கள் வழக்கம். புது டயப்பர், புதுச் சோப்பு, புது எண்ணெய் அனைத்தும் அதில் ஏறும். சிவப்புக் கண்டால் முதலில் நாட்காட்டியைப் பார்க்கின்றோம். காரணம் தேடி மருமகளின் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஊரில் கூட்டுக் குடும்பத்தில் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பத்துக் கண்கள் இருந்தன. இங்கே இரண்டு கண்கள். அவையும் உறக்கமின்றிச் சிவந்தவை. அவற்றிற்குத் துணையாக நம் கண்களையும் சேர்த்தல் மூத்தோராகிய நம் கடமை. குழந்தையின் தோல் சிவந்திருந்தால், தாயின் கையிலே குற்றம் தேடுவதற்கு முன், அந்தக் கையும் சிவந்திருக்கின்றதா என்று பார்ப்போம். எங்கள் வீட்டில் விடை அங்கேதான் இருந்தது. இரண்டு வாரம் அதன் அருகிலேயே அமர்ந்திருந்தும் நாங்கள் பார்க்கவில்லை.